சம்பந்தி வீசிய சாக்பீஸ்

செய்யூர்ப் பக்கத்து மணியக்கார வகையறாவில் பிறந்தவர்களுக்கு முதுகெலும்பு கொஞ்சம் நேராகவே அமைந்துவிடும். மணியம் போயிற்று, நிலம் பாதியாயிற்று, வில்வண்டி நின்ற இடத்தில் மொபெட் நிற்கிறது. ஆனாலும் முதுகு வளையவில்லை. அந்த வகையறாவில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறி, வேதியியல் படித்து, செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவராகவும் ஆன முனிசாமிக்கு அது இன்னும் ஒரு சுற்றுக் கூடுதலாகவே விறைத்திருந்தது. கரும்பலகையில் எழுதும்போதுகூட அவர் குனிய மாட்டார். அவர் வகுப்பில் பலகையின் கீழ்ப்பாதி எப்போதும் துடைத்து வைத்தாற்போல் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவரை ரெஃப்ரெஷர் கோர்ஸுக்குப் போகச் சொன்னார்கள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், கத்திரி வெயிலில், மாமல்லபுரத்தில், மூன்று வாரம். கல்லூரி ஆசிரியர்கள் வேதியியலை எப்படிக் கற்பிப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டுமாம். போகாதவர்களுக்கு அடுத்த பதவி உயர்வு கிடையாது என்று கல்லூரி அலுவலகத்தில் பவ்யமாகச் சொல்லிவிட்டார்கள்.

"சொல்லிக் குடுத்துகினு இருந்தவன் போய்க் கை கட்டிகினு கேக்கறதா?" என்று வீட்டில் கேட்டார்.

அவர் மனைவி சம்பூர்ணம் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போய்ட்டு வாங்க. கடல் காத்தாவது கெடைக்கும். நிச்சயத்துக்கு முன்னாடி மூணு வாரம் நீங்க வூட்டுல இல்லாம இருந்தா எனக்கும் வேலை நடக்கும்" என்றாள்.

நிச்சயம் என்றது மகள் துர்காதேவிக்கு. திருப்போரூரில் துரை என்பவருடைய மகன் மோகனுக்குப் பேசி, போன மாதம் பூ வைத்தாயிற்று. வைகாசியில் நிச்சயதார்த்தம். பையன் மறைமலை நகரில் இன்ஜினியர். நல்ல பையன், நிறைந்த குடும்பம், பெண்ணுக்கும் பிடித்துப் போயிற்று. ஒரே ஒரு சங்கடம், அந்த வீட்டு ரோஷம். முன்பு ஓர் இடத்தில் பெண் வீட்டார் வாசல் வரை வந்து அழைக்கவில்லை என்று, தாம்பூலத் தட்டோடு அப்படியே திரும்பி வந்தவர் துரை. ரோஷத்தில் மணியக்கார வகையறாவுக்கு ஈடு கொடுக்க இந்தச் சுற்றுவட்டத்தில் ஒரு வீடு உண்டென்றால் அது அந்த வீடுதான். சம்பந்தம் பேசியபோது அதையே பொருத்தம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

முனிசாமிக்கு மட்டும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல். பெண்ணைப் பெற்றவன் ஒரு படி இறங்கித்தான் நிற்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவருக்கோ இறங்கிப் பழக்கமில்லை. கல்யாணம் முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று வைராக்கியமாக இருந்தார்.

பெட்டியோடு மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பயிற்சி நடக்கிற விடுதிக்குள் நுழைந்தால், சாப்பாட்டுக் கூடத்தில் இட்லித் தட்டோடு நிற்கிறார் துரை. அவரும் வேதியியல் ஆசிரியர்தான். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு தனியார் கல்லூரி. அவருக்கும் பதவி உயர்வு வேண்டியிருந்தது.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க."

"நீங்க மொதல்ல உக்காருங்க சம்பந்தி."

"இன்னாங்க இது, நீங்க உக்காராம நான் எப்பிடி உக்கார்றது?"

மாப்பிள்ளை வீட்டார் உட்காராமல் பெண் வீட்டார் உட்காருவது மரியாதையில்லை. வயதில் மூத்தவர் உட்காராமல் இளையவர் உட்காருவதும் மரியாதையில்லை. முனிசாமி மூன்று மாதம் மூத்தவர். ஆக இரண்டு பேரும் நின்றபடியே இட்லியைச் சாப்பிட்டு முடித்தார்கள். கோவளத்துக்காரர் ஏசுபாதம், அவரும் ஒரு வேதியியல் ஆசிரியர், நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டே இந்தக் காட்சியைப் பார்த்து ரசித்தார்.

வகுப்பு நடக்கிற கூடத்தில் மேடை இல்லை. நாற்காலிகளை வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் பலூன்கள், வண்ணக் காகிதங்கள், ஊசி நூல். பிறந்த நாள் விழாவுக்கு வந்துவிட்டோமோ என்று முனிசாமி மறுபடி வெளியே போய்க் கதவிலிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு வந்தார். பயிற்சி நடத்த வந்தவள் மீரா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கைத்தறிச் சேலை, முதுகில் பை. வந்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கூடத்திலிருந்த அத்தனை துறைத்தலைவர்களும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

அவள் சொன்னது சுருக்கமாக இதுதான். மூன்று வாரமும் அவள் பாடம் எடுக்கப் போவதில்லை, அவர்கள்தான் எடுக்கப் போகிறார்கள். ஒருவர் பத்து நிமிஷம் முதலாண்டுப் பாடம் நடத்த, மற்றவர்கள் முதலாண்டு மாணவர்களாக உட்கார வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. பாடம் முடிந்ததும் முதல் கேள்வி அந்த ஜோடி கேட்பது. பாராட்டக் கூடாது. எங்கே புரியவில்லை என்று மட்டும்தான் கேட்க வேண்டும்.

ஜோடி சேர்க்க அட்டைகளைக் குலுக்கிப் போட்டாள். முனிசாமி எடுத்த அட்டையில் சோடியம். எதிர் வட்டத்தில் குளோரின் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் துரை.

"உப்பு சேந்துடுச்சு" என்றார் ஏசுபாதம். "இனிமே கரைச்சாத்தான் பிரியும்."

முனிசாமி தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியைப் பார்த்து, நாற்பது பேர் நடுவில், நீங்கள் சொன்னது புரியவில்லை என்று எந்த வாயால் கேட்பது? ஜோடியை மாற்றச் சொல்லலாம் என்றால் அது இதைவிடப் பெரிய வினை. என்னோடு ஜோடி சேர மாட்டேன் என்று சொல்லிவிட்டார் பாருங்கள் என்று திருப்போரூர் பூராவும் பரவிவிடும். தட்டு திரும்பிப் போன கதை அவர் கண் முன்னால் வந்து நின்றது. மாற்றச் சொல்லவில்லை.

முதல் வாரத்தில் முனிசாமியின் முறை வந்தது. கரைசல்களின் செறிவு பற்றி நடத்தினார். பலகையின் மேல்பாதியை மட்டும் நிரப்பினார். முடித்ததும் துரை எழுந்து, இப்படி ஒரு வகுப்பைத் தன் ஆயுசில் கேட்டதில்லை என்றும், முனிசாமியின் மாணவர்கள் போன ஜன்மத்தில் புண்ணியம் செய்தவர்கள் என்றும் சொல்லிக் கும்பிட்டார். முனிசாமி பதிலுக்கு எழுந்து, எல்லாம் சம்பந்தியின் ஆசீர்வாதம் என்றார். சந்தனப் பேலாவும் பன்னீர்ச் செம்பும்தான் குறை.

மீரா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "சார், இது வகுப்பா வரவேற்பான்னு எனக்குத் தெரியல. அடுத்த தடவை நான் வேற ஏற்பாடு பண்றேன்."

அவள் செய்த ஏற்பாடு ஒரு டப்பா நிறையச் சீட்டு. பாடம் கேட்கிறவர்கள் ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதில் எழுதியிருக்கிற மாணவனாகவே நடந்துகொள்ள வேண்டும். ஆசிரியர்களாக உட்கார்ந்தால் மரியாதைதான் பேசும், மாணவர்களாக உட்கார்ந்தால் சந்தேகம் பேசும் என்பது அவள் கணக்கு.

துரையின் முறை வந்த அன்று முனிசாமி எடுத்த சீட்டில் இருந்தது: கடைசி பெஞ்ச். எதையும் நம்பாதவன். யாருக்கும் பயப்படாதவன்.

முனிசாமி பள்ளிக்கூடத்திலிருந்தே முதல் பெஞ்சுக்காரர். கடைசி பெஞ்ச் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. மீரா அவரைக் கூடத்தின் கோடியில், ஜன்னலோரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். கடல் காற்று பிடரியில் பட்டது. வெளியே பட்டறையில் யாரோ கல் செதுக்குகிற சத்தம் தாளம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். முதுகு நாற்காலியில் சாய்ந்தது. இந்த இடத்துக்கு ஏன் இத்தனை போட்டி என்று அவருக்கு முதன்முதலாகப் புரிந்தது.

துரை மேசையில் ஒரு தாம்பாளத்தை வைத்தார். அதில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். தூரத்தில் உட்கார்ந்தவனுக்கும் தெரிய வேண்டுமென்று ஆரத்தித் தண்ணீரையே கலந்திருந்தார். நடுவில் மெழுகுவத்தி. அதைக் கொளுத்தி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார். சுடர் சிறுத்து அணைந்தது. சிவப்புத் தண்ணீர் டம்ளருக்குள் ஏறி நின்றது.

"பாத்தீங்களா? காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன். மெழுகுவத்தி அதைத் தின்னுடுச்சு. காலியான எடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு. அளந்து பாருங்க, சரியா அஞ்சுல ஒண்ணு" என்று கணீரென்று சொல்லிவிட்டுப் பலகையில் எழுதினார்.

முனிசாமியும் கால் நூற்றாண்டாக இதே டம்ளரைக் கவிழ்த்து, இதையேதான் சொல்லிக்கொடுத்து வந்தார். ஆனால் அப்போதெல்லாம் அவர் மேசைக்குப் பின்னால் நின்று மாணவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார். டம்ளரைப் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான், கடைசி பெஞ்சில் வேறு வேலையில்லாமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுடர் எரிகிற வரை தண்ணீர் அசையவில்லை. சுடர் அணைந்த பிற்பாடுதான் விறுவிறுவென்று ஏறிற்று.

"முனிசாமி, முதல் கேள்வி உன்னோடது" என்றாள் மீரா. மாணவர்களாக உட்கார்ந்தவர்களை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

முனிசாமி எழுந்தார். சம்பந்தியின் பாடம் பிரமாதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வந்தது வேறு. சீட்டின் வேலையோ, கடல் காற்றின் வேலையோ, செய்யூர் வயல்வரப்பில் விட்டுவிட்டு வந்த குரல் அப்படியே வந்தது.

"சார், ஒரு டவுட்டு. தின்னும்போது ஏறாத தண்ணி, தின்னு முடிச்சப்பறம் இன்னாத்துக்கு சார் ஏறுது?"

கூடத்தில் சிரிப்பு கிளம்பிற்று. கடைசி வரிசையிலிருந்து குதர்க்கமாக ஒரு கேள்வி, அதற்கு வகுப்பே சிரிப்பது என்றால் முப்பது வருஷமாகத் துரைக்கு ஒரே ஒரு மருந்துதான் தெரியும். அவர் சாக்பீஸுக்குத் திருப்போரூர் வட்டாரத்தில் பேர் உண்டு. பேசுகிறவன் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் போய் நெற்றியில் உட்காரும். பலகையிலிருந்து திரும்பினார். திரும்புகிற வேகத்திலேயே கை வீசிவிட்டது.

"உக்கார்றா, டேய்."

சாக்பீஸ் கூடத்தின் நீளத்துக்கும் பறந்து போய், முனிசாமியின் நெற்றியில், திருநீற்றுப் பட்டைக்கு நட்ட நடுவில் பட்டுக் கீழே விழுந்தது.

வெளியே உளிச் சத்தம் மட்டும் கேட்டது. துரையின் கை வீசிய இடத்திலேயே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தம் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார், பெண்ணின் தகப்பனாரை, நாற்பது வாத்தியார்கள் முன்னால் சாக்பீஸால் அடித்துவிட்டார்.

முனிசாமியை டேய் என்று கடைசியாகக் கூப்பிட்டவர் அவர் தகப்பனார். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. மணியக்கார ரத்தம் கொதித்து உச்சிக்கு ஏறிற்று. இங்கே ஒரு வார்த்தை விட்டால் போதும், சம்பந்தம் இந்த இடத்திலேயே முறிந்துவிடும். மகள் முகம் நினைவுக்கு வந்தது. கையில் சீட்டு கசங்கிக் கிடந்தது. அடி பட்டவன் முனிசாமி இல்லை, இந்தச் சீட்டுக்காரன் என்று அவர் தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"நான் உக்காந்துக்கறேன் சார். டவுட்டு நின்னுகினுதான் கீது."

குனிந்து சாக்பீஸைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் குனிந்ததை அன்றைக்குத்தான் உலகம் பார்த்தது.

மீரா ஒன்றும் நடக்காதது போல எழுந்து வந்து, தாம்பாளத்தில் மூன்று மெழுகுவத்திகளை ஏற்றினாள். அதே டம்ளரை எடுத்துத் துரையின் கையில் கொடுத்தாள். அவர் கவிழ்த்தார். தண்ணீர் முன்பைவிட வெகு உயரம் ஏறிற்று. டம்ளர் அதேதான், அதிலிருக்கிற ஆக்சிஜனும் அதே அளவுதான். தின்றது ஒரு பங்கு என்றால் இரண்டு பங்கு எப்படிக் காலியாகும்? துரை ஏறிய தண்ணீரை விரலால் அளந்து பார்த்தார். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

விடை சாயந்திரம் எல்லோருமாகச் சேர்ந்து கண்டுபிடித்ததுதான். சுடரின் சூட்டில் காற்று விரிந்து, கவிழ்க்கும்போதே டம்ளரின் விளிம்பு வழியாகக் கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. அணைந்ததும் மிச்சமிருக்கிற காற்று குளிர்ந்து சுருங்க, தண்ணீர் ஏறுகிறது. சுடர் கூடினால் சூடு கூடும், தண்ணீரும் கூடும். ஐந்தில் ஒன்று என்பது அதிர்ஷ்டம். எத்தனையோ தலைமுறை வாத்தியார்கள் அந்த அதிர்ஷ்டத்தைப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

அதன் பிறகு பயிற்சி முடிகிற வரை சம்பந்திகள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் இட்லியை உட்கார்ந்தே சாப்பிட்டார்கள், வேறு வேறு மேசையில்.

செய்தி அவர்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. ஏசுபாதம் அந்த வாரம் ஊருக்குப் போனபோது பஸ்ஸில் யாரிடமோ சிரித்துச் சொன்னது, கோவளத்தில் ஒரு மாதிரியும், திருப்போரூரில் இன்னொரு மாதிரியும், செங்கல்பட்டில் மூன்றாவது மாதிரியும் இறங்கிற்று. செங்கல்பட்டுக் கதையில் சம்பந்தி வேண்டுமென்றே குறி பார்த்து அடித்தார். திருப்போரூர்க் கதையில் முனிசாமி விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டே, ஊர் முன்னால் சம்பந்தியை முட்டாளாக்கப் பொறி வைத்தார்.

செய்யூரிலிருந்து முனிசாமியின் அண்ணன் முத்துசாமி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வகையறாவுக்கு மூத்தவர். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், அந்தச் சாக்பீஸ் எங்கே என்றார். வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, வெற்றிலையில் மடித்துப் பூஜை அலமாரியில் வைத்தார்.

"இது சாட்சி. அவரு வாசப்படில நின்னு ஒரு வார்த்த சொல்லட்டும், தப்பாப் பூடுச்சுன்னு. அப்பறம் தட்டு மாத்தலாம்."

"அண்ணாத்த, பாடத்துல பட்டது. அது கணக்குல வராது" என்று முனிசாமி தன் தீர்ப்பைச் சொல்லிப் பார்த்தார்.

"நெத்தி யாருது? பாடத்துதா, நம்ம வூட்டுதா?"

உள்ளூர முனிசாமிக்கும் அந்த ஒரு வார்த்தை வேண்டித்தான் இருந்தது. மன்னிப்பு என்று எதிராளி வாயிலிருந்து கேட்பதில் ஒரு குளிர்ச்சி உண்டு.

துர்காதேவிதான் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்தாள். எம்.எஸ்சி. முடித்தவள், முதுகு விஷயத்தில் அப்பாவின் மகள். அழவில்லை, கெஞ்சவில்லை. தண்ணீர் ஏன் ஏறிற்று என்று மட்டும் கேட்டாள். முனிசாமி உற்சாகமாக டம்ளர், மெழுகுவத்தி, சூடு என்று விளக்கிச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒன்று கேட்டாள்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

முனிசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியாதுன்னா அத அவங்ககிட்ட சொல்லிடுங்க. அவங்க கோவமே நீங்க தெரிஞ்சுகினு மாட்டி வுட்டீங்கன்னுதான்."

சொல்வது எளிதா? துறைத்தலைவருக்கு முதலாண்டுப் பாடம் தெரியாது என்று சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த முத்துசாமி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "நம்ம வூட்டு ஆளுங்க தெரியாதுன்னு சொன்னதா இதுவரிக்கும் கெடையாது. அந்தப் பழக்கத்த நீ ஆரம்பிச்சு வெக்காத."

நிச்சயத்துக்கு முதல் நாள் திருப்போரூரிலிருந்து ஏசுபாதம் தூது வந்தார். மூட்டியவரே அணைக்க வந்திருந்தார். முகத்தில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வருவார்கள். ஆனால் துரை வாசலில் நின்று முனிசாமியிடம் ஒரு கேள்வி கேட்பார். பதிலைப் பொறுத்துத்தான் உள்ளே கால் வைப்பது.

"கேள்வி இன்னான்னு சொன்னாரா?" என்றார் முத்துசாமி.

"சொல்லலீங்க. பரீட்சைக்கு மின்னாடி யாரு சொல்லுவாங்க?"

மறுநாள் வாசலில் வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, மேளம் வைத்திருந்தார்கள். நிச்சயத்துக்கே மேளம் வைக்கிற வீடு இந்த ஜில்லாவில் சொற்பம். முத்துசாமி தோளில் ஜரிகைத் துண்டும், மடியில் வெற்றிலையில் மடித்த சாட்சியுமாக நின்றார். வேன் வந்தது. தட்டுகளோடு பெண்கள் இறங்கினார்கள். மோகன் இறங்கி, வெயிலுக்கா பயத்துக்கா என்று தெரியாமல் வியர்த்தான். கடைசியில் துரை இறங்கி, கோலத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். மேளக்காரர் கையைத் தூக்கியவர், சூழ்நிலையைப் பார்த்து இறக்கிக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி" என்றார் முனிசாமி.

"வரேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கி அந்தக் கேள்விய பதில் தெரிஞ்சுகினு கேட்டீங்களா, தெரியாமக் கேட்டீங்களா?"

முனிசாமி சுற்றிலும் பார்த்தார். செய்யூர்ப் பங்காளிகள் மொத்தமும் அங்கே இருந்தார்கள். அவர் கல்லூரி ஆசிரியர்கள் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பட்டுப்புடவை ஒன்று அசையாமல் நின்றது. தெரிந்துதான் கேட்டேன் என்றால் மணியக்கார வகையறாவின் பெயர் நிற்கும், தட்டு திரும்பும். தெரியாது என்றால் தட்டு உள்ளே வரும். அவர் முதுகை ஒருமுறை நிமிர்த்திக்கொண்டார். அந்த வார்த்தையைச் சொல்வதானாலும் நிமிர்ந்து நின்றுதான் சொல்வது என்று இருந்தார்.

"தெரியாமதான் கேட்டேன். இருவத்தஞ்சு வருசமா நானும் அதையேதான் சொல்லிக்குடுத்துகினு இருந்தேன். தப்புன்னு அன்னிக்கிதான் எனக்கே தெரியும்."

முத்துசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

துரை கேட்டார்: "சத்தியமா?"

"பொண்ணு மேல."

துரையின் தோள் தளர்ந்தது. கோபம் போன இடத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "எனக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு மூணு வத்தி ஏத்தினப்ப இதயமே நின்னுபோச்சு. அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு."

"கடைசி பெஞ்சு" என்றார் பின்னால் நின்ற ஏசுபாதம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

"அன்னிக்கிக் கையி என் பேச்சக் கேக்கல சம்பந்தி. நான் மன்னிப்பு கேட்டா நீங்க குடுத்துடுவீங்க, அது எனக்குச் சரிப்படாது. அந்தச் சாக்பீஸ வெச்சுகினு கீறீங்களாமே. திருப்பிப் போடுங்க. நெத்தியக் காட்டறேன்."

துரை கோலத்தின் ஓரத்தில் கண்ணை மூடி நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார். முனிசாமி அண்ணனைப் பார்த்தார். முத்துசாமி மடியிலிருந்து வெற்றிலையைப் பிரித்து, நீட்டலாமா கூடாதா என்று யோசித்து, வகையறாவின் மானம் இந்த வழியாகவாவது திரும்பட்டும் என்று எடுத்துக் கொடுத்தார்.

முனிசாமி ஆயுசில் ஒரு மாணவன் மேல் சாக்பீஸ் வீசியதில்லை. அவர் வகுப்பில் பார்வை ஒன்றே போதும். அதனால் அந்த வித்தையில் கைப்பழக்கம் இல்லை. கையை நன்றாக ஓங்கிக் குறி பார்த்து வீசினார். சாக்பீஸ் துரையின் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போய், பந்தக்காலைத் தாண்டி, தவிலின் நடுவில் டொம் என்று விழுந்தது.

எதற்கோ காத்துக் காத்து அலுத்துப்போயிருந்த தவில்காரர், பெரியவர்கள் உத்தரவு கொடுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, வெளுத்து வாங்க ஆரம்பித்தார். நாதஸ்வரம் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொண்டது. மேளம் கொட்டிய பிறகு தட்டை வெளியே நிறுத்தி வைக்க எந்த வீட்டுக்கும் வழக்கமில்லை. சம்பூர்ணம் ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டாள். சிவப்புத் தண்ணீரின் நடுவில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

துரை கண்ணைத் திறந்து, தன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். "படலையே சம்பந்தி."

"அது பழகணும்" என்றார் முனிசாமி. "உள்ள வாங்க, சொல்லிக் குடுங்க."